பங்கு போடாத மரம்: சிக்கமோர் கேப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சிக்கமோர் ஒன்றும் அபூர்வ மரமில்லை. பிரிட்டனில் அது யாரும் நடாமலே முளைக்கும். இறக்கை வைத்த விதை காற்றில் சுழன்று சுழன்று இறங்கி, கூரைத் தண்ணீர்த் தாரையிலும் சுவர் வெடிப்பிலும்கூட வேர் பிடித்துவிடும். அந்த மண்ணின் மரமும் இல்லை; ஐரோப்பாக் கண்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அங்குள்ள தாவர ஆர்வலர்கள் பலர் அதைக் களைக்கு அடுத்தபடியாகத்தான் மதிப்பார்கள். தமிழில் வேதாகமம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சின்னக் குழப்பம் வரலாம். இயேசுவைப் பார்க்க சகேயு ஏறிய மரமும் ஆங்கிலத்தில் சிக்கமோர்தான். நம் மொழிபெயர்ப்பில் அது காட்டத்தி. அது அத்தி இனம், இது மேப்பிள் இனம். பெயர் மட்டும்தான் ஒன்று.

அந்தச் சாதாரண மரம் ஒன்று நின்ற இடம்தான் அசாதாரணம். இங்கிலாந்தின் வடகோடி, நார்தம்பர்லேண்ட். அங்கே கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை சுமார் 117 கிலோமீட்டருக்கு ஒரு பழைய கல்சுவர் ஓடுகிறது. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர். நடுப்பகுதியில் அது வின் சில் என்ற கரும்பாறை முகட்டின் மேலேயே போகிறது. பனியுக முடிவில் உருகி ஓடிய தண்ணீர் அந்த முகட்டை அங்கங்கே அறுத்துப் பள்ளமாக்கிவிட்டது. அப்படி ஒரு பள்ளத்துக்குத்தான் சிக்கமோர் கேப் என்று பேர். அங்கே சுவர் சரிந்து இறங்கி மறுபடி ஏறும். இறங்கி ஏறும் அந்த மடியில் ஒற்றை மரம். சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளி. கண்ணை மறைக்க வேறொன்றும் கிடையாது.

அதை நட்டவர் ஜான் கிளேட்டன் என்று சொல்வார்கள். நியூகாசிலில் வழக்கறிஞராகவும் நகர நிர்வாகச் செயலராகவும் இருந்தவர், 1890இல் இறந்தவர். சுவர்க் கற்களை ஊர்க்காரர்கள் வீடு கட்டவும் வேலி கட்டவும் பெயர்த்துக்கொண்டு போன காலம் அது. கிளேட்டன் சுவரோரத்துப் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி அதைத் தடுத்தார். மரத்தையும் அந்த நிலக்காட்சிக்கு அழகு சேர்க்கத்தான் நட்டார் என்பது வழக்கமான கதை. அது உண்மையென்றால் இந்தக் கலைக் கதையின் முதல் கலைஞர் அவர்தான். இரண்டு சரிவு, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. யார் கையில் கேமரா இருந்தாலும் படம் நன்றாக விழும்.

விழுந்தது. 1991இல் கெவின் காஸ்ட்னர் நடித்த ராபின் ஹூட் படத்தில் வந்த பிறகு அதற்கு ராபின் ஹூட் மரம் என்றே பேராகிவிட்டது. 2013இல் அந்தப் பகுதி, செயற்கை வெளிச்சம் குறைந்த இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்புறம் மரத்துக்கு மேலே பால்வீதி வளைந்து நிற்கும் படங்கள் குவிந்தன. 2016இல் உட்லேண்ட் டிரஸ்ட் என்ற மரப் பாதுகாப்பு அறநிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில் இங்கிலாந்தின் ஆண்டு மரமாகத் தேர்வானது. இதெல்லாம் வெளியுலகத்துக்கு. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது வேறு மாதிரி சொந்தம். அதன் அடியில் நின்று கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டவர்கள் உண்டு, அப்பா அம்மாவின் சாம்பலைத் தூவியவர்கள் உண்டு. ஓவியம், வாழ்த்து அட்டை, தேநீர்த் துவாலை, உள்ளூர் பீர் பாட்டில் என்று எதிலும் அந்த உருவம். சமூகக் கலை என்று யாரும் பெயர் வைக்காமலே முப்பது ஆண்டுகளாக அது நடந்துகொண்டுதான் இருந்தது. பெயர் வைத்து நடந்ததும் ஒன்று உண்டு. 2010 மார்ச்சில் ஒரு மாலை, சுவர் நெடுகிலும் 250 மீட்டருக்கு ஒன்றாக 500 விளக்குகளைத் தன்னார்வலர்கள் ஏற்றிவைத்தார்கள். நெடுந்தூரத்துக்குப் புள்ளி புள்ளியாக ஒளி. மறுநாள் எதுவும் மிச்சமில்லை.

2023 செப்டம்பர் 27 இரவு, ஆக்னஸ் புயல் அடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பேர் சங்கிலி ரம்பத்தோடு போய் அந்த மரத்தை அறுத்தார்கள். ஒருவரின் கைபேசியில் பதிவான காட்சியின் நீளம் 2 நிமிடம் 41 விநாடி. விடிந்து பார்த்தால் மரம் சுவர்மேல் சாய்ந்து கிடந்தது. முதலில் புயலில்தான் விழுந்துவிட்டதோ என்று நினைத்தவர்கள், பக்கத்தில் போய் வழுவழுவென்று அறுபட்ட அடிக்கட்டையைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். குற்றப்பத்திரிகையில் மரத்துக்கு ஏற்பட்ட சேதம் 6,22,191 பவுண்டு, சுவருக்கு 1,144 பவுண்டு என்று எழுதினார்கள். 2025 மே மாதம் நியூகாசில் கிரவுன் நீதிமன்றத்தில் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஜூலையில் ஆளுக்கு 4 ஆண்டு 3 மாதச் சிறை. எதற்காக அறுத்தார்கள் என்பதற்குக் கேட்பவருக்கு நிறைவு தரும் பதில் வழக்கில் கிடைக்கவில்லை. குற்றக் கதை போதும். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு மரத்தை என்ன செய்தார்கள் என்பது.

ஒரு சம்பவம் முதலிலேயே சிக்கலைக் காட்டிவிட்டது. மரம் விழுந்த ஓரிரு நாளில் ஓர் இளைஞர் கடையில் ஒரு சிக்கமோர் கன்று வாங்கிக்கொண்டு போய் அடிக்கட்டைக்குச் சில அடி தள்ளி நட்டுவிட்டு வந்தார். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் நிலம். 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டிக்கூட இறங்கக் கூடாது. நிலமும் மரமும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்துக்குச் சொந்தம். அவர்கள் கன்றைப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். சட்டப்படி சரி. ஆனாலும் பார்த்தவர்களுக்குச் சுருக்கென்றது: அழுதது நாங்கள், முடிவெடுப்பது நீங்களா?

நியாயமான கேள்விதான். மரம் சட்டப்படி ஒருவருடையது, நிலக்காட்சி தேசியப் பூங்காவுடையது, சுவர் தொல்லியல் துறையின் கண்காணிப்பில், துக்கமோ எல்லோருடையது. ஆயிரக்கணக்கில் கடிதமும் மின்னஞ்சலும் வந்தன. இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று யோசனைகள். கூடவே, எனக்கு ஒரு துண்டு தர முடியுமா என்ற ஆசையும்.

துண்டு கொடுப்பது எங்கே போய் முடியும் என்பதற்கு இங்கிலாந்திலேயே பழைய கதை உண்டு. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் தன் கையால் நட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு முசுக்கட்டை மரம் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் தொல்லை தாங்காமல், அந்த வீட்டை வாங்கியிருந்த பாதிரியார் கேஸ்ட்ரெல் 1750களில் அதை வெட்டிப் போட்டார். தாமஸ் ஷார்ப் என்ற கடிகாரக் கைவினைஞர் கட்டையை விலைக்கு வாங்கி, மூக்குப்பொடி டப்பி, கோப்பை, சின்னப் பெட்டி என்று செய்து விற்க ஆரம்பித்தார். பல பத்தாண்டுகள் விற்றார். மரமா அட்சய பாத்திரமா என்று ஊரே கேட்கும் அளவுக்கு விற்றதால், கடைசிக் காலத்தில் எல்லாம் அந்த ஒரே மரத்தின் கட்டைதான் என்று அவர் சத்தியப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டி வந்தது. நினைவுப்பொருள் வியாபாரமானால் முதலில் காணாமல் போவது நம்பிக்கை.

சிக்கமோர் கேப்பில் அந்த வழியில் போகவில்லை. அதுதான் இந்த நிகழ்வில் நான் முக்கியமாகப் பார்ப்பது. பாகப்பிரிவினையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கிடைக்கும், முழுசு யாருக்கும் மிஞ்சாது. இங்கே கலைஞர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும் முன்னால் நின்ற கேள்வி, பங்கு போடாமல் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது. மூன்று வழி கண்டுபிடித்தார்கள்: அச்சு, தொடுதல், கன்று.

அதற்கு முன்னால் கட்டையைக் காப்பாற்ற வேண்டும். 2023 அக்டோபர் 12 அன்று கிரேன் வைத்து மரத்தைத் தூக்கினார்கள். முழுசாகக் கொண்டுபோக முடியாத அளவு என்பதால் அறுத்துத்தான் எடுத்தார்கள். வைத்த இடத்தை வெளியே சொல்லவில்லை. தச்சர்களைக் கேட்டால் செப்டம்பரில் வெட்டிய சிக்கமோரா என்று முகம் சுளிப்பார்கள். பால்போல வெளுத்த மரம் அது. வெளுப்புதான் அதன் விலை. குளிர்காலத்தில், சாறு அடங்கியிருக்கும்போது வெட்டி, பலகைகளைச் செங்குத்தாக நிறுத்திச் சீக்கிரம் உலர்த்தினால்தான் அந்த வெளுப்பு நிற்கும். இல்லாவிட்டால் சாம்பல் கறை ஏறிவிடும். வாசனையோ சுவையோ விடாத மரம் என்பதால் அந்தக் காலத்தில் கரண்டி, மாவுருட்டும் கட்டை, வெண்ணெய் தட்டும் பலகை எல்லாம் இதில்தான் செய்வார்கள். வயலினின் முதுகுப் பலகையும் இந்த இனம்தான். ஆனால் இங்கே வெட்டியவர்கள் தச்சரைக் கேட்டு வெட்டவில்லை.

முதலில் அச்சு. பக்கத்து மாவட்டமான கம்ப்ரியாவைச் சேர்ந்த அச்சுக் கலைஞர் ஷோனா பிரானிகன், நேஷனல் டிரஸ்ட்டுக்காக அந்த மரத்தின் குறுக்குவெட்டிலிருந்து அச்சுப் படம் எடுத்தார். அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘ஹார்ட்வுட்’; தமிழில் சொன்னால் ‘வைரம்’ என்று வரும். மரத்தின் நடுவே இறுகிப்போன பகுதியை நாம் அப்படித்தானே சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் இதயமும் சேர்ந்தே ஒலிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தேக்கு மாதிரி நடுவில் கருத்த வைரம் சிக்கமோரில் கண்ணுக்குப் பிரிந்து தெரிவதே அபூர்வம். உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே நிறம்.

இந்த மாதிரி அச்சு எப்படி எடுப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொருளே அதில்தான் இருக்கிறது. வட்டமாக அறுத்த வில்லையை முதலில் மெல்ல இழைத்து, தேய்த்து, முகத்தைச் சமமாக்க வேண்டும். அப்புறம் மேலாகத் தீயில் வாட்டியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ மென்மையான இழைகளை அரித்தால், கெட்டியான வளையங்கள் முடி அளவு மேலெழும். உருளையில் மை தடவி மெல்லிசாக ஓட்டினால் மேலெழுந்த கோட்டில் மட்டும் மை ஒட்டும். அதன்மேல் நாரில் செய்த மெல்லிய தாளைப் பரப்பி, கரண்டி முதுகாலோ விரல் நுனியாலோ நடுவிலிருந்து ஓரத்துக்குப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் எல்லாம் ஒரே கறுப்பு, குறைந்தால் வளையம் விட்டுப்போகும். பெரிய வில்லை என்றால் மணிக்கணக்கு. பைன் போன்ற மரங்களில் வேனில் வளையமும் முன்பருவ வளையமும் பளிச்சென்று பிரிந்திருக்கும். சிக்கமோரில் துளைகள் ஒரே சீராகப் பரவியிருப்பதால் வளையம் மங்கல். கண்ணுக்கே சரியாகத் தெரியாத கோட்டைத் தாளில் கொண்டுவர வேண்டும். போதாததற்கு வில்லை உலர உலர விரிசல் விடும். மரம் உலரும்போது ஆரத்தின் திசையில் சுருங்குவதைவிட வளையத்தின் திசையில் அதிகமாகச் சுருங்குவதால், நடுக்குருத்திலிருந்து பட்டைவரை ஒரு வெடிப்பு ஓடும். கேக்கில் ஒரு துண்டு எடுத்த மாதிரி. அச்சில் அது வெள்ளை ஆப்பாக விழும்.

கலைஞர் வரைவது இதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வறண்ட ஆண்டு, மழை ஆண்டு, சுவர்ப்பக்கம், காற்று தள்ளிய பக்கம் எல்லாம் மரமே எழுதி வைத்தது. கலைஞர் படித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். ஒரு வில்லையிலிருந்து பல தாள் எடுக்கலாம். எடுத்த பிறகும் வில்லை அப்படியே இருக்கும். பங்கு போடாமல் பகிர இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, தொடுதல். மரம் நின்ற பள்ளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தி சில் என்ற நிலக்காட்சி மையம் இருக்கிறது. 2017இல் திறந்தது, பேர் அந்தக் கரும்பாறையிலிருந்து வந்தது. முதலாண்டு நினைவையொட்டி 2024 செப்டம்பரில் அங்கே கண்காட்சி வைத்தார்கள். 2025 ஜூலையில், தண்டனை அறிவிப்புக்குச் சில நாள் முன்பு, நிரந்தர அமைப்பு திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கம்ப்ரியாவின் மரச் சிற்பி சார்லி வின்னி. இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அடிமரத்துண்டு ஒன்றைப் படுக்கப் போடாமல், நின்ற மாதிரியே நிமிர்த்தி வைத்திருக்கிறார். சுற்றி உட்கார வளைந்த மர இருக்கைகள். மரத்தைப் பற்றி மக்கள் எழுதி அனுப்பிய சொற்கள் அந்த மரவேலையில் இடம்பெற்றிருக்கின்றன.

வின்னிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நீராவியில் மரம் வளைக்கும் வேலை. பச்சை ஈரம் உள்ள மரச் சட்டத்தை நீளப் பெட்டிக்குள் வைத்து ஆவி விடுவார்கள்; ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பட்டறைக் கணக்கு. வெளியே எடுத்ததும் ரப்பர் மாதிரி வளையும், ஆனால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. அதற்குள் நாலு கை சேர்ந்து அச்சில் வைத்து இறுக்கிவிட வேண்டும். தனியாளாகச் செய்ய முடியாத வேலை. சமூகக் கலைக்கு இந்தத் தொழில்நுட்பம் பொருந்துவது தற்செயலா, தெரிந்து எடுத்ததா, எப்படியானாலும் பொருந்துகிறது.

அந்த அமைப்பின் உயிர் ஒரு சின்ன முடிவில் இருக்கிறது: கண்ணாடிப் பெட்டி இல்லை, கயிறு கட்டவில்லை. கை வைக்கலாம், சாய்ந்து உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம். அருங்காட்சியக வழக்கப்படி பார்த்தால் இது தலைகீழ். கையின் எண்ணெயும் வியர்வையும் மரத்துக்கு ஆகாது என்பார்கள். சரிதான், நாளாக ஆக அது கருக்கும். நம்மூர்க் கோயில் மண்டபத் தூண்களில் ஆள் உயரத்துக்கு மட்டும் ஒரு பளபளப்பு ஏறியிருக்குமே, அந்த மாதிரி. அந்தக் கறுப்பைச் சேதம் என்று எழுதாமல் வந்தவர்களின் கையெழுத்து என்று எழுதிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

மூன்றாவது வழியைக் கலை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். மரம் விழுந்த சில நாளுக்குள் அதன் இளங்குச்சிகளும் விதைகளும் டெவனில் உள்ள நேஷனல் டிரஸ்ட்டின் தாவரக் காப்பு மையத்துக்குப் போய்விட்டன. அங்கே ஒட்டுக் கட்டியும் விதை போட்டும் கன்றாக்கினார்கள். முதல் கன்று மன்னர் சார்லஸுக்குப் போனது, அது சம்பிரதாயம். பிறகு நடந்ததுதான் சுவையானது. மரத்தின் உயரம் 49 அடி, எனவே 49 கன்றுகள், அடிக்கு ஒன்று. யாருக்கு வேண்டுமோ காரணம் எழுதி விண்ணப்பியுங்கள் என்று 2024 செப்டம்பர் 28 அன்று அறிவித்தார்கள். நாலு வாரத்தில் சுமார் 500 விண்ணப்பம். லீட்ஸில் ரக்பி வீரர் ராப் பரோவின் பெயரில் உள்ள நரம்புநோய் சிகிச்சை மையம் உட்பட 49 இடங்கள் தேர்வாயின. 2025 நவம்பரில் முதல் கன்றுகள் மண்ணில் இறங்கின. ஒற்றை மரத்தின் உயரத்தைப் படுக்கவைத்து நாடு முழுக்கப் பரப்பிவிட்டார்கள். எனக்கு இது நல்ல கருத்தோவியமாகவே படுகிறது, கேன்வாஸ் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்கள் மிகக் குறைவு. ஆட்டுப் பண்ணைகள், சின்னச் சின்ன ஊர்கள். துக்கம் கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். அப்படியானால் ‘சமூகம்’ என்று யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்? கடிதம் எழுதத் தெரிந்தவர்களின் குரல்தான் சேர்ந்திருக்கும். நிலத்தைத் தினம் பார்த்தவர்கள் பாதிப்பேர் எழுதவே மாட்டார்கள். இன்னொரு குறை, ஒரு மரத்துக்கு இவ்வளவு அழுகையா என்பது. சாலைக்கும் ரயில்பாதைக்கும் பழங்காடுகள் விழும்போது இந்தக் கண்ணீர் எங்கே போனது என்று கேட்டவர்கள் சும்மா கேட்கவில்லை. படத்துக்கு நன்றாக விழாத மரத்துக்கு யாரும் கலைஞரை அழைப்பதில்லை. கிளேட்டன் போட்ட சட்டகத்தின் பலம் அது, பலவீனமும் அதுவேதான். வேகமும் இடித்தது. மரம் விழுந்து நிரந்தர அமைப்பு திறக்க ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம். முதல் வாரத்துச் சூட்டில் ஏதாவது நட்டுவிட வேண்டும் என்று துடித்த அந்த இளைஞரைப் போன்றவர்களுக்கு அது ஒரு யுகம். ஆனால் இந்தத் தாமதத்தை நான் குறையாக எழுதமாட்டேன். ஈரக் கட்டையில் அவசரமாகச் செதுக்கிய எதுவும் ஒரு வருடத்தில் வெடித்துவிடும். உலரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், மரமும் மனுஷரும்.

பள்ளத்தில் இப்போது என்ன இருக்கிறது? வேலி கட்டிய ஓர் அடிக்கட்டை. 2024 கோடையில் பூங்கா ஊழியர் ஒருவர் குனிந்து பார்த்தபோது எட்டுத் தளிர்கள் அதன் அடியில் விட்டிருந்தன. சிக்கமோருக்கு அது பழக்கம்தான், வெட்டினால் துளிர்க்கும். விட்டுவைத்தால் பழைய மாதிரி ஒற்றைத் தண்டாக வராது. பல தண்டுப் புதராகத்தான் எழும்பும். அந்தப் படம் இனி யாருக்கும் விழாது.

கட்டைக் கணக்கில் ஒரு துண்டு மட்டும் இடிக்கிறது. மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தீர்மானிக்க முதலில் ஓர் ஆப்பு அறுத்து எடுப்பார்கள். அறுத்தவர்கள் அதை வண்டியின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்கள்; ரம்பத்தோடு சேர்த்து எடுத்த கைபேசிப் படம் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. போலீஸ் தேடியும் அந்த ஆப்பு கிடைக்கவில்லை.